கொம்புக்கல்லில் கீறிய பிள்ளை

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்திய வருஷம், நாவலஞ்சேனைக்கு மேற்கே மரம் வெட்ட ஒப்பந்தம் எடுத்த கொந்தறாத்துக்காரரின் யானைகள் முதிரை மரங்களை இழுக்கத் தொடங்கின. பாலை பூத்துத் தேன் இறங்குகிற காலம் அது. விடிந்தால் கோடரிச் சத்தம். வெயில் ஏறினால் சங்கிலி இழுபடும் சத்தம். கதிர்காமத்தம்பி சுரைக்குடுவையைத் தோளில் மாட்டிக்கொண்டு காடெல்லாம் அலைந்துவிட்டு வெறும் குடுவையோடு வந்தான். தேனீக்கள் மரத்தை விட்டு எழும்பிப் போயிருந்தன. வழக்கமாகப் பொந்து இருக்கும் மரங்களில் பாதி தரையில் கிடந்தன.

வாகரைக்கு மேற்கே, கடல்நீர் ஏறும் களப்பு முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் ஏழெட்டுக் குடிசைகள். அதுதான் நாவலஞ்சேனை. அங்கே இருந்தவர்கள் வேடர். பேசுவது தமிழ். களப்பில் மீனும் இறாலும் பிடிப்பார்கள். மழைக்கு முன்னே காட்டை வெட்டிச் சுட்டுச் சேனை செய்து குரக்கனும் சோளமும் போடுவார்கள். வெயில் காலத்தில் தேன் வெட்டுவார்கள். ஓட்டமாவடி அசனார் மாட்டுவண்டியில் உப்பும் புடவையும் புகையிலையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தேனையும் மெழுகையும் கருவாட்டையும் ஏற்றிக்கொண்டு போவார். அவருடைய தகப்பனும் அதே வண்டிப் பாதையில் வந்து போனவர்தான்.

கதிர்காமத்தம்பிக்கு நாற்பது வயதிருக்கும். குள்ளமான, இறுகிய உடம்பு. ஊருக்குக் கட்டாடியும் அவன்தான்; வருஷா வருஷம் ஆடி மாதத்தில் நடக்கும் சடங்கில் சடங்கு அம்பைக் கையில் பிடித்துக்கொண்டு, இறந்துபோன முன்னோர்களைப் பெயர் சொல்லி அழைக்கும் பொறுப்பு அவனுடையது. அந்த முன்னோர்களை உத்தியாக்கள் என்று சொல்வார்கள். மனைவி கண்ணகை. பிறந்த பிள்ளைகளில் தங்கியது ஒருத்திதான், சீதேவிப்பிள்ளை. அவளுக்குப் பதினாறு நடந்துகொண்டிருந்தது. கண்ணகையின் தமையன் சாமித்தம்பி வாகரைக் கடற்கரையில் வலை போடுகிறவர். அவருடைய மகனுக்குச் சீதேவியைக் கொடுப்பதாகப் பேச்சு.

சடங்கு நடக்கும் இடம் கொம்புக்கல். ஊரிலிருந்து காட்டுக்குள் அரை நாள் நடை. எருமைக் கொம்பு போல இரண்டு முனை உயர்ந்த பெரிய பாறை. அதன் அடிவயிறு உள்வாங்கி, குகைபோல, மழை படாத ஒரு மடுவாக இருக்கும். அந்த மடுவின் சுவர் முழுக்கச் சாம்பல் நிறத்தில் ஆட்கள். விரலால் கீறிய ஆட்கள். வில்லோடு நிற்பவர்கள், குடுவையோடு நிற்பவர்கள், மீன் பிடிக்கும் கரப்புக் கூடையோடு நிற்பவர்கள். ஒருவர் இறந்தால், அடுத்து வரும் ஆடிச் சடங்கில் அவர் வீட்டுப் பெண் ஒருத்தி சாம்பலைத் தேனும் தண்ணீரும் விட்டுக் குழைத்து அவரை அந்தக் கல்லில் கீறுவாள். கீறும்வரை இறந்தவருக்கு இடம் இல்லை. பாதைகளிலும் மரத்தடிகளிலும் நின்றுகொண்டிருப்பார். கீறிவிட்டால் மற்றவர்களோடு சேர்ந்துவிடுவார், கூப்பிட்டால் வருவார். ஆகப் பழைய கோடுகள் யாரை என்று யாருக்கும் தெரியாது. கீழ் வரிசையில் இருப்பவர்களை எல்லாருக்கும் தெரியும்.

யானைகள் அந்த வருஷம் கொம்புக்கல்லுக்குக் கிட்டே வந்துவிட்டன. பாறைக்கு முன்னால் நின்ற பெரிய வீரை மரத்தில் வெட்டுவதற்கு அடையாளம் போட்டிருந்ததைக் கதிர்காமத்தம்பி கண்டான். மரம் விழுந்தால் மடுவின் வாய் நொறுங்கும். கொந்தறாத்துக்காரரின் ஆட்களிடம் போய்ச் சொல்லிப் பார்த்தான். அவர்கள் அவனை விரட்டவில்லை. மரத்துக்கு உத்தரவு இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார்கள்.

அசனார்தான் வழி சொன்னார். மட்டக்களப்பில் காட்டைப் பார்க்கிற அரசாங்கக் கந்தோருக்குப் புதிதாக ஒரு வெள்ளைக்காரத் துரை வந்திருப்பதாக அவர் கடைத்தெருவில் கேள்விப்பட்டிருந்தார்.

"மிருகத்தையும் மரத்தையும் காப்பாத்தணும் எண்டுதான் அந்த மனிசன் திரியிறாராம். போய்ச் செல்லிப் பாப்பம், கதிர்காமத்தம்பி. கேட்டாக் கேக்கட்டும். நான் கூட வாறன்."

கண்ணகைக்கு அது பிடிக்கவில்லை. துரைமார் கண்ணில் ஒரு இடம் பட்டால் அது பட்டபடி கிடக்காது என்று சொன்னாள். ஆனாலும் புருஷனுக்குக் கட்டுச்சோறு கட்டிக் கொடுத்தாள். குரக்கன் ரொட்டி, சுட்ட கருவாடு, ஒரு போத்தல் தேன். ஓட்டமாவடி வரை வண்டியிலும் அங்கிருந்து பஸ்ஸிலும் போனார்கள். கதிர்காமத்தம்பி பஸ்ஸில் ஏறியது அதுதான் முதல் தடவை. வழி முழுக்கச் சத்தியெடுத்தான்.

*

துரை ஒரு மாதத்துக்குள் வந்தார். கூட வந்த றேஞ்சர் நல்லரத்தினம் தன்னாமுனைக்காரர். துரைக்குத் தமிழ் தெரியாது. அவர்தான் இரண்டு பக்கமும் பேசினார். கதிர்காமத்தம்பி முன்னால் நடந்து பாதை காட்டினான்.

கொம்புக்கல்லின் மடுவுக்குள் குனிந்து நுழைந்த துரை, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சுவரை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய கண் கலங்கியிருந்ததைக் கதிர்காமத்தம்பி பார்த்தான். இந்த மனிதனுக்கு இடத்தின் அருமை தெரிகிறது என்று அவனுக்கு நெஞ்சு நிறைந்தது. படப்பெட்டியை வைத்துப் படம் பிடிக்கத் தொடங்கியபோது, அவன் தானாகவே முன்னால் போய்க் கீழ் வரிசையில் ஒரு உருவத்தைக் காட்டினான்.

"இது எங்கம்மா, ஐயா. என்ட அக்கா கீறினது. பக்கத்தில இடம் கிடக்கு, அது எனக்கு."

நல்லரத்தினம் அவனைப் பார்த்தார். துரையிடம் இங்கிலீசில் ஏதோ சொன்னார். துரை தலையாட்டிவிட்டு மேல் வரிசையைப் படம் பிடித்தார்.

திரும்பி வரும்போது துரை முன்னே போக, நல்லரத்தினம் பின்தங்கி அவனோடு நடந்தார். அவன் சொன்னதைத் தான் துரைக்குச் சொல்லவில்லை என்றார். துரை அவற்றை ஆயிரம் இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய சித்திரங்கள் என்று நினைக்கிறார். அப்படி நினைத்தால்தான் மேலிடத்துக்கு எழுதுவார்.

"நேத்துக் கீறினது எண்டு தெரிஞ்சா, இதுக்காகவா ஒரு காட்டை மறிக்கிற எண்டு கேப்பாங்க. மரம் வெட்டுறது நிக்க வேணுமா, வேணாமா?"

"நிக்க வேணும் ஐயா."

"அப்ப நீ பேசாம இரு. நான் பாத்துக்கொள்ளுறன்."

அவர் சொன்னபடியே நடந்தது. மழை தொடங்குமுன் கொந்தறாத்து நின்றது. யானைகள் வந்த வழியே போயின. வீரை மரம் அடையாளத்தோடு அப்படியே நின்றது. நாவலஞ்சேனையில் அன்று எல்லாரும் சேர்ந்து பெரிய பானையில் சோளமும் பயறும் போட்டுப் பொங்கினார்கள். கண்ணகை தன் வாயால் புருஷனைப் புகழ்ந்தது அன்றைக்குத்தான்.

முதல் மழை விட்ட சில நாளில் எல்லைக் கற்கள் வந்தன. வெள்ளை அடித்த கற்களைக் காட்டோரமாக நட்டுக்கொண்டே போனார்கள். வண்டிப் பாதையில் ஒரு தகரப் பலகை நிறுத்தினார்கள். அதில் எழுதியிருந்ததை நல்லரத்தினம் ஊர்க்காரர்களைக் கூட்டி வாசித்துக் காட்டினார். இந்தக் கல்லுக்கு அப்பால் இருக்கும் காடு இனிமேல் மிருகங்களுக்கு. உள்ளே வேட்டை கூடாது, சேனை வெட்டக் கூடாது, தேன் எடுக்கக் கூடாது, நெருப்பு மூட்டக் கூடாது. குடிசைகள் எல்லைக்கு வெளியே விழுந்திருந்தன. சேனை நிலம் முழுவதும் உள்ளே போய்விட்டது.

கதிர்காமத்தம்பி சடங்கைப் பற்றிக் கேட்டான். கொம்புக்கல்லுக்குத் துரை தனியாக உத்தரவு போட்டிருப்பதாக நல்லரத்தினம் சொன்னார். மடுவைச் சுற்றிக் கம்பி வேலி அடிப்பார்கள். சித்திரங்களை யாரும் தொடக்கூடாது, கிட்டே புகை போகக்கூடாது. அனுமதி வாங்கிக்கொண்டு எல்லாரையும் போல இவர்களும் வந்து பார்க்கலாம்.

"பாத்து என்ன செய்யிற?" என்று கூட்டத்தில் ஒரு கிழவர் கேட்டார். நல்லரத்தினம் கதிர்காமத்தம்பியைத் தனியே கூப்பிட்டு, கொம்புக்கல்லுக்கு ஒரு காவலாள் வேண்டும், துரை உன்னைத்தான் சொல்கிறார் என்றார். காக்கி உடுப்பும் மாதச் சம்பளமும் உண்டு.

அதைக் கேள்விப்பட்டுச் சாமித்தம்பி வாகரையிலிருந்து தோணியில் வந்தார். கொண்டுவந்த மீனைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு அடுப்படி ஓரத்தில் உட்கார்ந்தார். கதிர்காமத்தம்பி வெற்றிலைத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினான்.

"மச்சான், நம்மள மறிக்கிறதுக்குத்தான் உன்ன அங்க நிப்பாட்டுறாங்க. உனக்கு விளங்கல்லையா?"

"விளங்குது. நான் மாட்டன் எண்டா அவங்க வேற ஒருத்தனக் கொண்டு வருவாங்க. அவன் ஒரு நாளும் நம்மள உள்ள விடமாட்டான். நான் நிண்டா, சடங்கு நாளையில கண்ண மூடிக்கொள்ளலாம்."

"மூட விடுவாங்களா?"

"துரை மாசத்துக்கு ஒருக்காத்தான் வாறார். மறுகா காட்டில ஆர் இரிக்கா? நான்தானே."

மீனுக்குச் செதிள் எடுத்துக்கொண்டிருந்த கண்ணகை தலை நிமிராமல் கேட்டாள்.

"அப்ப, கண்ண மூடுறதுக்குத்தான் சம்பளம் தாறாங்களா?"

அடுத்த கிழமை கதிர்காமத்தம்பி காக்கி உடுப்பு வாங்கிவந்தான். காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. சீதேவி சிரித்துச் சிரித்து ஊசியால் பிடித்துத் தைத்துக் கொடுத்தாள்.

*

அந்த வருஷ மழைக்கு நாவலஞ்சேனையில் விதைப்பு இல்லை. களப்போரத்தில் கிடந்த உப்புத் தரையைக் கொத்திப் போட்ட குரக்கன் முளைத்து மஞ்சளாகிப் போனது. ஆண்கள் களப்பையே நம்பினார்கள். பெண்கள் குளத்தில் இறங்கி ஆம்பல் காய் பறித்து, அதன் விதையை உலர்த்தி ஒல்லிச் சோறு ஆக்கினார்கள். குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கடற்கரைப் பக்கம் எழும்பிப் போயின. மார்கழி பிறந்தபோது குடிசைகளில் பாதி ஆளில்லாமல் திறந்து கிடந்தன. அசனாரும் முன்னைப்போல வருவதில்லை. தேனும் மெழுகும் இல்லாத ஊருக்கு வண்டியில் என்னத்தை ஏற்றுவது? இருந்தும் கதிர்காமத்தம்பிக்காக வழியை மாற்றிக்கொண்டு வந்து, உப்பும் கொஞ்சம் அரிசியும் இறக்கிவிட்டுப் போவார்.

கதிர்காமத்தம்பியின் வீட்டில் சம்பள அரிசி இருந்தது. அது மற்ற அடுப்புகளுக்கும் தெரிந்தது. கண்ணகை உலை வைக்கும்போதெல்லாம் இருக்கிற வீடுகளுக்கும் ஒரு பிடி அனுப்புவாள். வாங்கிக்கொண்டார்கள். ஆனால் முன்னைப்போல வந்து உட்கார்ந்து பேசுவதில்லை.

மார்கழி மழையோடு காய்ச்சல் வந்தது. குளிர்ந்து நடுங்கி, பிறகு கொதித்து, வேர்த்து விடுகிற காய்ச்சல். சீதேவிக்கு முதல் நாள் களப்பிலிருந்து வரும்போதே கால் தள்ளாடியது. அத்தாங்கு வலையையும் இறால் பெட்டியையும் வாசலில் போட்டுவிட்டுச் சாக்கைப் போர்த்துக்கொண்டு படுத்தாள். கண்ணகைக்குத் தெரிந்த கைப்பு மருந்துக்குரிய பட்டை எல்லைக்கல்லுக்கு உள்ளே இருந்தது. அவள் போய் உரித்துக்கொண்டுதான் வந்தாள். காய்ச்சல் அதற்குக் கட்டுப்படவில்லை. கதிர்காமத்தம்பி அப்போது காட்டின் மேற்குப் பக்கத்தில், வெள்ளம் உடைத்த பாதையைத் திருத்துகிறவர்களோடு நின்றான். ஆள் அனுப்பி அவன் வந்து சேர்ந்தபோது மகளுக்குப் பேச்சு தடுமாறியிருந்தது.

அசனார் வண்டியைக் கொண்டுவந்தார். வாழைச்சேனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடலாம் என்று வைக்கோலைப் பரப்பி அவளைக் கிடத்தினார்கள். மழை விடவேயில்லை. பாதி வழியில் ஓடை கரை புரண்டு ஓடியது. மாடுகள் தண்ணீரில் இறங்க மறுத்தன. அசனார் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று மாட்டின் மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பார்த்தார். கண்ணகை வண்டிக்குள் மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அசனார் நானா," என்று அவள் கூப்பிட்டாள். "மாட்ட அடிக்காதிங்க. இனி வேணாம்."

அசனார் திரும்பிப் பார்த்தார். கயிற்றை விட்டுவிட்டுக் கரைக்கு ஏறிவந்து, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கொடுத்தார். அதைத்தான் சீதேவியின் முகத்துக்கு மூடினார்கள்.

*

ஆடி மாதம் நெருங்கியது. கண்ணகை மகளை அங்கங்கே கண்டதாகச் சொல்லத் தொடங்கினாள். அழுதுகொண்டு சொல்லவில்லை. துறையில் நின்றாள், ஓடைக்கரையில் நின்றாள், நனைந்துபோய் நின்றாள் என்று, ஊரில் ஒருத்தியைக் கண்டதைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"அவள் நிண்டு நிண்டு காலுழைஞ்சு போயிருப்பாள். ஆடிக்குக் கீறவேணும். துரையிட்டக் கேளுங்க."

கதிர்காமத்தம்பி கேட்டான். நல்லரத்தினம் மெய்யாகவே துரையிடம் பேசினார். துரை பிள்ளை இறந்ததற்கு வருத்தப்பட்டாராம். இவர்கள் வந்து கம்பிக்கு வெளியே நின்று கும்பிட்டுவிட்டுப் போகலாம். ஆனால் நெருப்பும் கூடாது, கல்லில் ஒரு கோடும் கூடாது. பழைய சித்திரங்களின் மேல் இந்தக் காலத்து ஆட்கள் பூசினால் உலகத்துக்கே நட்டம் என்று சொன்னாராம்.

அதோடு இன்னொரு உத்தரவும் வந்தது. ஆடியில் துரையின் விருந்தாளிகள் வருகிறார்கள், பாதை துப்புரவாக்க வேண்டும். கதிர்காமத்தம்பியை மறுபடியும் மேற்குப் பக்கம் அனுப்பினார்கள். போகுமுன் அவன் மனைவியிடம், விருந்தாளிகள் போகட்டும், பொறு, நானே உன்னைக் கூட்டிப்போகிறேன் என்றான். கண்ணகை ஓம் என்றாள்.

அவள் பொறுக்கவில்லை. ஆடிச் சடங்கு நாளுக்குச் சாமித்தம்பியை வரச் சொல்லி, காலையிலேயே இருவரும் ஓடை வழியாக உள்ளே போனார்கள். புருஷனுக்கு வேண்டுமென்றேதான் அவள் சொல்லாமல் விட்டாள். யாராவது கேட்டால் அவன் பொய் சொல்லத் தேவையில்லை.

கம்பிக்குள் நுழைய ஒரு இடத்தில் மண்ணைத் தோண்டவேண்டியிருந்தது. மடுவுக்குள் நெருப்பு மூட்டவில்லை. சாம்பலை வீட்டு அடுப்பிலிருந்தே கொண்டுவந்திருந்தாள். தேனுக்கு மட்டும் அவள் பட்ட பாடு பெரிது. அசனார் எங்கேயோ தேடி ஒரு சின்னப் போத்தல் கொடுத்திருந்தார். சிரட்டையில் குழைத்து, மாமியாருக்குப் பக்கத்தில் புருஷன் தனக்கென்று சொல்லி வைத்திருந்த இடத்தில் கீறினாள். முதலில் தலை. பிறகு கழுத்து, கைகள், கால்கள். முகத்துக்குக் கண் மூக்கு வைக்கும் வழக்கம் இல்லை. வலக்கையில் அத்தாங்கு வலையைக் கீறியபோது மட்டும் ஒரு கோடு கோணியது. சாமித்தம்பி மேளம் இல்லாமல், மெல்லிய குரலில் தனக்குத் தெரிந்த அளவு அழைப்பைச் சொன்னார்.

"இதில இரி மகள்," என்றாள் கண்ணகை. "இஞ்ச மழை படாது."

இரண்டு நாள் கழித்துத் துரை விருந்தாளிகளோடு கொம்புக்கல்லுக்கு வந்தார். மேற்குப் பக்கத்திலிருந்து கதிர்காமத்தம்பியும் அவர்களோடு நடந்துவந்தான். மடுவுக்குள் குனிந்த உடனேயே அவன் கண்டுவிட்டான். மங்கிய சாம்பல் உருவங்களுக்கு நடுவே வெள்ளை வெளேரென்று ஒரு பெண் அத்தாங்கோடு நின்றாள். கோணிய கோட்டையும் கண்டான். யார் கை என்று தெரிந்தது.

துரை சத்தம் போடவில்லை. நோய் கண்டவர் போல முகம் வெளுத்துவிட்டது. விருந்தாளிகளை வெளியே அனுப்பிவிட்டு நல்லரத்தினத்திடம் இரண்டு விஷயம் கேட்டார். யார் செய்தது? இதை மற்றவற்றுக்குச் சேதம் இல்லாமல் எடுக்க முடியுமா?

நல்லரத்தினம் கதிர்காமத்தம்பியை ஒரு பக்கமாகக் கூட்டிப்போனார். அவருக்கும் விளங்கியிருந்தது.

"இப்பவாவது செல்லுங்க ஐயா," என்றான் கதிர்காமத்தம்பி. "கீழ இரிக்கிற எல்லாம் நாங்க கீறினதுதான் எண்டு செல்லுங்க. அவர் நல்ல மனிசன். கேப்பார்."

"சொல்லலாம். சொன்னா இந்தக் கல்லில அவருக்கு ஒண்டும் இல்லை. காட்டையும் கைவிட்டிடுவார். கொந்தறாத்துக்காரன் இன்னும் மட்டக்களப்பிலதான் இருக்கிறான், இந்தக் காட்டைத் திரும்பக் கேட்டு எழுதிப்போட்டு. பிறகு உன்ர அம்மாவும் இல்லை, ஒருத்தரும் இல்லை."

கதிர்காமத்தம்பி மடுவின் வாயைத் திரும்பிப் பார்த்தான்.

"ஆர் எண்டு தெரியாது எண்டு நான் சொல்லிக்கொள்ளுறன். ஆனா நீ இப்ப உன்ர கையால துடைக்க வேணும். துடைக்காட்டி அவர் பொலிசைக் கூப்பிடுவார். பொலிசு வந்தா நேர உன்ர வீட்டுக்குத்தான் வரும். கண்ணகையைப் பிடிச்சு மறியலில போடுவாங்க."

துணியும் ஒரு தகரப் பேணியில் தண்ணீரும் கொடுத்தார்கள். துரை பக்கத்தில் நின்று, மெதுவாக, மெதுவாக என்று கையால் காட்டினார். கதிர்காமத்தம்பி முழங்காலில் நின்று துடைத்தான். தேன் ஊறிய சாம்பல் சுலபமாகப் போகவில்லை, அழுத்தவேண்டியிருந்தது. கரைந்த சாம்பல் பக்கவாட்டில் வழிந்து அவனுடைய தாயின் உருவத்திலும் இறங்கியது. அவளுடைய ஒரு பக்கம் முழுவதும் கலங்கி அழிந்துபோனது. மகளின் தலையும் போனபின்தான் துரை அதைக் கண்டு அவன் கையைப் பிடித்து நிறுத்தினார். அழிந்துபோன அந்தப் பழைய சித்திரத்தைப் பார்த்து அவர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு வெளியே போனார். அவர் அழுதார் என்று பிறகு துரையின் வண்டிக்காரன் சொன்னான்.

*

கதிர்காமத்தம்பி வீட்டுக்கு வந்தபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கண்ணகை வாசலில் ஒல்லி விதையைப் புடைத்துக்கொண்டிருந்தாள். சாமித்தம்பி தோணிக்குப் போகப் புறப்பட்டவர், அவனைக் கண்டு நின்றார். கதிர்காமத்தம்பி உட்காரவில்லை.

"துரை கண்டிட்டார். துடைக்கச் சொன்னாங்க. நான்தான் துடைச்சன்."

சுளகு ஓய்ந்தது.

"எதால துடைச்சிங்க?"

"துணிய நனைச்சி."

"எங்க இருந்து?"

அவனுக்குக் கேள்வி விளங்கச் சற்று நேரம் எடுத்தது.

"காலில இருந்து. தலைக்குப் போகக் கை வரல்ல. கடைசியாத்தான் தலை."

கண்ணகை சுளகைக் கீழே வைத்தாள். அவன் பொலிசைப் பற்றி, மறியலைப் பற்றி, கொந்தறாத்துக்காரனைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனான். அவள் குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டாள்.

"நான் மறியலுக்குப் போயிருப்பன்," என்றாள். "போய்த் திரும்பி வந்திருப்பன். அவளுக்கு இடம் கிடைச்சி ரெண்டு நாள்தானே. இனி அவள் எங்க போவாள்?"

சாமித்தம்பி கோபத்தில் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கண்ணகை அவரைக் கையமர்த்தினாள். உள்ளே போய்த் தன் சேலைகளையும் ஒரு பானையையும் மகளின் அத்தாங்கையும் எடுத்துக்கொண்டு வந்தாள். புடைத்த விதையை இரண்டாகப் பிரித்து ஒரு பங்கைப் புருஷனுக்கென்று பெட்டியில் போட்டு மூடிவைத்தாள். பிறகு தமையனுக்குப் பின்னால் தோணித்துறைக்கு நடந்தாள். அவன் தடுக்கவில்லை.

அந்த மாதம் முடியுமுன் கதிர்காமத்தம்பி காக்கி உடுப்பைத் துவைத்து மடித்துக் கொண்டுபோய் நல்லரத்தினத்திடம் கொடுத்தான். அவர் வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னார். வேறொரு காவலாள் வந்தான், தெற்கே எங்கேயோ உள்ளவன். கம்பிக்கு அடியில் தோண்டியிருந்த பள்ளத்தை அவன் கல் போட்டு அடைத்தான்.

கடற்கரைக்குப் போன நாவலஞ்சேனைக்காரர் அந்த வருஷச் சடங்கைத் தவறவிட்டிருந்தார்கள். ஆவணியிலாவது செய்துவிடவேண்டும் என்று பேசி, வாகரைக்குத் தெற்கே கடலோரமாக நின்ற ஒரு பாலை மரத்தின் கீழே பந்தல் போட்டார்கள். கல் இல்லை. தோணிப் பலகையில் கீறலாமா என்று யாரோ கேட்டார்கள். கண்ணகை கூடாது என்றாள், பலகை உக்கிப்போகும்.

அழைப்பு முழுவதும் தெரிந்தவன் கதிர்காமத்தம்பி ஒருவன்தான். அவனைக் கூப்பிடுவதா என்று பலரும் யோசித்தார்கள். கடைசியில் அசனார்தான் சொல்லி அனுப்பினார் போலும். அவன் வெறும் மேலோடு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பின்னேரம் வந்து பந்தலுக்கு வெளியே நின்றான். யாரும் வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. சாமித்தம்பி சடங்கு அம்பை எடுத்துவந்து அவன் கையில் கொடுத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் திரும்பிப் போனார்.

அவன் அழைத்தான். காற்றும் அலையும் குரலைத் தின்றன. முன்னைவிடச் சத்தமாக அழைக்கவேண்டியிருந்தது. பழையவர்கள் வந்தார்கள். ஒரு கிழவர் மேல் உரு வந்து ஆடினார். சாமித்தம்பியின் மனைவி மேல் அவளுடைய தகப்பன் வந்து, தண்ணீர் கேட்டுக் குடித்தார். ஒவ்வொருவருக்கும் முன்னால் வைத்த பொங்கலை, உரு வந்தவர் வாயால் அவர்கள் சாப்பிட்டார்கள். பிறகு அவன் மகளை அழைத்தான். பெயர் சொல்லி அழைத்தான். பெண்களில் ஒருத்தியும் அசையவில்லை. மறுபடியும் மறுபடியும் அழைத்தான். தொண்டை கட்டிக் குரல் வராமல் போகும்வரை அழைத்தான். கடலுக்கு மேலே இருட்டிக்கொண்டு வந்தது.

கண்ணகை எழுந்தாள்.

"காணும், விடுங்க," என்றாள். "அவளுக்கு இந்த இடம் தெரியாது."

அவன் அம்பைக் கீழே வைத்துவிட்டு இருந்த இடத்திலேயே குந்தினான். கண்ணகை எல்லாருக்கும் பொங்கல் பகிர்ந்தாள். அவனுக்கும் ஒரு இலை போட்டாள். அவன் தின்று முடித்தபோது, சீதேவிக்கென்று வைத்து யாரும் தொடாமல் கிடந்த இலையை எடுத்துவந்து அவனுக்கு முன்னால் வைத்தாள்.

"இதையும் நீங்களே தின்னுங்க."

ஆட்கள் பாய்களைச் சுருட்டத் தொடங்கியிருந்தார்கள். கதிர்காமத்தம்பி அந்த இலையைத் தன் பக்கம் இழுத்து வைத்துச் சாப்பிட்டான். பொங்கல் ஆறி இறுகியிருந்தது. மெல்ல மெல்லத்தான் இறங்கியது. ஒரு பருக்கை மிச்சமில்லாமல் அவன் தின்று முடிக்கும்வரை கண்ணகை பக்கத்தில் நின்றாள். பிறகு குனிந்து இலையை எடுத்து மடித்துக்கொண்டு, தமையன் வீட்டுப் பக்கமாக மணலில் நடந்தாள்.